வெளிநாட்டு உள்ளகப் பயிற்சியில் மாணவர் கற்பது என்ன? தேனி வைஃபை வலையமைப்பின் அனுபவம்

வெளிநாட்டு உள்ளகப் பயிற்சி என்பது கல்லூரி மாணவர் ஒருவர், பெரும்பாலும் கோடை விடுமுறையின் எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களில், வேறொரு நாட்டின் ஆய்வகம், நிறுவனம் அல்லது மருத்துவமனையில் தங்கி வேலை பார்த்துக் கற்பதாகும். மாணவர்களின் பேச்சில் இது இன்டர்ன்ஷிப். இதைப் பற்றிய விளம்பரங்கள் தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு, உலகப் பார்வை ஆகிய சொற்களையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. மாணவர் உண்மையில் எதைக் கற்றுத் திரும்புகிறார் என்பது அவற்றிலிருந்து தெரிவதில்லை. அதைத் தெளிவாகக் காட்டும் முயற்சி ஒன்று 2005–2008 காலத்தில் தேனி மாவட்டத்தில் நடந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து வந்த கணினி அறிவியல் மாணவர்கள், தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றுவட்டார ஊர்களின் கண் பரிசோதனை மையங்களையும் நெடுந்தொலைவு வைஃபை வழியாக இணைத்தனர். கண்டிப்பாகச் சொன்னால் இது ஒரு கோடைப் பயிற்சி அன்று. முனைவர் பட்ட மாணவர்கள் பலமுறை வந்து போய்ச் செய்த களப்பணி. ஆனாலும் அந்நிய ஊரில் வேலை பார்க்கும் மாணவர் எதிர்கொள்பவை அனைத்தும் இதில் உள்ளன. கற்றவற்றை அவர்களே ஆய்வுக் கட்டுரைகளாக எழுதி வைத்திருப்பது கூடுதல் வசதி.

தேனிக்கு வரக் காரணம்

மருத்துவர் கோ. வெங்கடசாமி (1918–2006) அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. தேனிக் கிளை 1985-இல் வந்தது. அப்போது தேனி தனி மாவட்டம் ஆகவில்லை, மதுரை மாவட்டத்தில் இருந்தது. கட்டணம் செலுத்துவோரின் வருவாயைக் கொண்டு இயலாதோருக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ அறுவை செய்யும் அதன் முறை உலகின் மேலாண்மைக் கல்லூரிகளை ஈர்த்தது. ஹார்வர்ட் வணிகப் பள்ளி 1993-இல் அதைப் பாடமாக எழுதியது. சி. கே. பிரகலாத் 2004-இல் வெளிவந்த தம் நூலில் அதை விரிவாக எடுத்துக்காட்டினார். இவற்றின் பிறகு வெளிநாட்டு மாணவர் மதுரைப் பக்கம் வருவது புதுமையாக இல்லாமல் போயிற்று.

மருத்துவமனைக்கு அப்போது ஒரு சிக்கல் இருந்தது. கிராமங்களில் கண் முகாம் நடத்தினாலும், கண்ணில் கோளாறு உள்ளவர்களில் சிறு பகுதியினரே முகாமுக்கு வந்தனர். தினக்கூலிக்குத் தோட்ட வேலை செய்பவர் கண் எரிச்சலுக்காகத் தேனிக்குப் போய்வந்தால் பேருந்துச் செலவோடு ஒரு நாள் கூலியும் போய்விடும். துணைக்கு மகனோ மகளோ வந்தால் இரண்டு கூலி. அதனால் பார்வை மங்கும்வரை பொறுத்துக்கொள்வார்கள். இதற்கு விடையாக மருத்துவமனை சிறிய ஊர்களில் நிரந்தரமான கண் பரிசோதனை மையங்களைத் திறந்தது. மையத்தில் மருத்துவர் இருக்கமாட்டார். பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் கண்ணைச் சோதித்து, காணொளி வழியாகத் தேனியில் உள்ள மருத்துவருக்குக் காட்டுவார்கள். அவர் நோயாளியோடு பேசி, கண்ணாடியா, சொட்டு மருந்தா, அறுவையா என்று சொல்வார். அறுவை தேவைப்படுபவர் மட்டும் தேனிக்கு வந்தால் போதும்.

இதற்கு இடையறாத வேகமான இணைப்பு வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர் போன்ற ஊர்களில் காணொளி தாங்கும் இணைய இணைப்பு கிடைப்பது அரிது. அந்த இடைவெளியில்தான் பேராசிரியர் எரிக் புருவர் பெர்க்லியில் வழிநடத்திய டியர் என்ற ஆய்வுக்குழு உள்ளே வந்தது. சோனேஷ் சுரானா, ரபின் பத்ரா, செர்கியு நெடெவ்ஷி, லட்சுமிநாராயணன் சுப்பிரமணியன் ஆகியோர் அக்குழுவின் மாணவர்கள். இன்டெல் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவும் துணை நின்றது.

கையோடு கொண்டுவந்த கேள்வி

மாணவர்கள் வரும்போதே ஒரு கேள்வியைக் கொண்டுவந்தார்கள்: வீட்டுக்குள் சில பத்து மீட்டர் எட்டும் வைஃபையை, பல கிலோமீட்டர் எட்ட வைப்பது எப்படி?

இது உண்மையான பொறியியல் கேள்விதான். வைஃபை கருவி ஒரு தரவுப் பொட்டலத்தை அனுப்பியதும் "கிடைத்தது" என்ற ஒப்புகைக்காக மிகச் சிறிய நேரமே காத்திருக்கும். வானொலி அலை ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3.3 மைக்ரோ விநாடி ஆகும். 15 கிலோமீட்டருக்கு 50; ஒப்புகை திரும்பி வர மேலும் 50. அதற்குள் அனுப்பிய கருவி பொறுமையிழந்து அதே பொட்டலத்தை மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். மேலும், "யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டுப் பேசு" என்பது வைஃபையின் விதி. நெடுந்தொலைவில் மறுமுனையின் பேச்சு தாமதமாகவே காதில் விழுவதால், இரு முனைகளும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்ளும்.

மாணவர்கள் இந்த விதியைக் கைவிட்டு, ஆளுக்கொரு நேரத் துண்டாக முறைவைத்து அனுப்பும் மென்பொருளை எழுதினர். பொட்டலத்துக்கு ஒன்றாக அல்லாமல் ஒப்புகைகளை மொத்தமாக அனுப்பவும் வகை செய்தனர். வைல்ட்நெட் என்ற பெயரில் இது 2007-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. அதே ஆண்டு வெனிசுவேலாவில் 382 கிலோமீட்டர் தொலைவுக்கு வைஃபை இணைப்பை எட்டச் செய்த சோதனையிலும் இக்குழுவின் மென்பொருள் பயன்பட்டது. ஆக, கொண்டுவந்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. சாதாரணமாக ஒரு பயிற்சி அறிக்கை இந்த இடத்தில் முடிந்திருக்கும்.

தேனி கேட்ட கேள்வி

வலையமைப்பில் ஐந்து பரிசோதனை மையங்கள் மருத்துவமனையோடு இணைக்கப்பட்டன. இணைப்புகளின் நீளம் ஒரு கிலோமீட்டரிலிருந்து 15 கிலோமீட்டர் வரை. மேற்கே கேரள எல்லை மலைகளும் தென்கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளும் சூழ, நடுவே தட்டையாகக் கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கும் தேனிச் சமவெளியும் நேர்க்கோட்டுப் பார்வைக்கு ஏற்றவைபோலத் தோன்றும். ஆனால் எங்கும் தென்னந்தோப்பு. இலைகளும் ஈரமும் அலையை விழுங்கும் என்பதால் ஆன்டெனா மரங்களுக்கு மேலே எழ வேண்டும். ஆகவே 24 முதல் 42 மீட்டர் உயர டவர்கள் நாட்டப்பட்டன. டவர் செலவு கருவிகளின் செலவை எளிதில் மிஞ்சிவிடும். அதனால் இருக்கிற உயரங்களையும் பயன்படுத்திக்கொண்டனர். ஓர் ஆன்டெனா நூற்பாலை வளாகத்தின் புகைபோக்கியில் ஏறியது. உயரமான இடம் எது, அதன் உரிமையாளரிடம் யார் பேசினால் சம்மதிப்பார் என்பதெல்லாம் எந்த மென்பொருளிலும் இல்லாத அறிவு; உள்ளூர் ஆட்களிடம் மட்டுமே கிடைப்பது.

இணைப்பு ஓடத் தொடங்கிய பிறகு வந்த தொல்லைகளில் வைஃபைக்குப் பங்கு குறைவு. பெரும்பாலானவை கரண்ட்டைச் சேர்ந்தவை. மாணவர்கள் 2008-இல் வெளியிட்ட, ஊரக வலையமைப்புகளை உயிரோடு வைத்திருப்பது பற்றிய கட்டுரையின் மையச் செய்தி இதுவே. கிராமப்புற இந்தியாவில் அவர்கள் பதிவுசெய்த அளவுகளில் 500 வோல்ட்டைத் தாண்டிய அதிர்வுகள் உண்டு. சில 1000 வோல்ட்டை எட்டின. வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்பதை நினைத்தால் இதன் கொடுமை புரியும். அடாப்டர்கள் எரிந்தன. ரவுட்டரின் நினைவக அட்டைகள் கெட்டன. வோல்டேஜ் கூடினால் கருவி எரிவது யாருக்கும் தெரிந்ததே. வோல்டேஜ் குறைந்து ஆடும்போது ரவுட்டர் அணையவும் செய்யாமல் இயங்கவும் செய்யாமல் பாதியில் உறைந்து நிற்கும் என்பது, மின்தடையே காணாத வளாகத்தில் படித்தவருக்குத் தோன்றாத ஒன்று. டவர் உச்சியில் உறைந்த ரவுட்டரை அணைத்து மறுபடி போட யாரோ ஏறியாக வேண்டும்.

இந்த வட்டாரத்தில் மோட்டார் வைத்திருக்கும் எந்த விவசாயியிடம் கேட்டிருந்தாலும் முதல் நாளே சொல்லியிருப்பார்: மும்முனை மின்சாரம் எப்போது வரும், வோல்டேஜ் குறைந்தால் காயில் எப்படிப் புகையும், ஸ்டார்ட்டர் ஏன் வேண்டும். பெர்க்லி மாணவர்கள் அதே அறிவைக் கருவிகள் எரிந்த பிறகு, அளவுமானி வைத்துக் கண்டுபிடித்தார்கள். இதை ஏளனமாகச் சொல்லவேண்டியதில்லை. உள்ளூரில் பழகிப்போய் யாரும் அளக்காத ஒன்றை வெளியாள் அளந்து பதிவுசெய்கிறார் என்பதும் உண்மை. அந்தப் பதிவினால்தான் அது பொறியியல் கேள்வியாக மாறியது. பேட்டரியின் வோல்டேஜ் குறைந்தால் ரவுட்டரைத் தானே துண்டிக்கும் சுற்று, உறைந்த கருவியைத் தானே மீட்டெழுப்பும் கண்காணிப்புச் சுற்று, சூரிய மின்தகடுகளுக்குத் தகுந்த மலிவான கட்டுப்படுத்தி என்று அவர்களின் வேலையே திசை திரும்பியது. கணினி வலையமைப்பில் பட்டம் வாங்க வந்தவர்கள் மின்சாரத்தைப் பற்றி எழுதினார்கள்.

பழுது பார்ப்பவர் யார்

இன்னொரு பாடம் இதைவிடக் கடினமானது. முதல் கட்டத்தில் எல்லாவற்றையும் மாணவர்களே நிறுவினர், மாணவர்களே சரிசெய்தனர். அவர்கள் கலிபோர்னியா திரும்பியபின், கோளாறு வந்தால் தொலைவிலிருந்து ரவுட்டருக்குள் நுழைந்து பார்க்க ஏற்பாடு செய்தனர். தேனி ரவுட்டர்கள் தாமாகவே பெர்க்லிக்கு இணைப்பு ஏற்படுத்திக் கொடுக்கும் முறை அது. ஆனால் இணைப்பே அறுந்துவிட்டால் தொலைவிலிருந்து எதையும் பார்க்க முடியாது. அப்போது கண்ணாகவும் கையாகவும் இருப்பவர் மையத்தில் உள்ள பணியாளர்.

அவர் தொலைபேசியில் "லைன் போச்சு" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு சொற்களுக்குப் பின்னால் கரண்ட் இல்லாதிருக்கலாம், வயர் பிடுங்கிக்கொண்டிருக்கலாம், கணினியில் வைரஸ் இருக்கலாம், இடைநிலை டவரில் பேட்டரி இறங்கியிருக்கலாம், காற்றில் ஆன்டெனா திரும்பியிருக்கலாம். அவரைக் குறை சொல்ல இடமில்லை. அவர் கண் பரிசோதிக்கப் பயிற்சி பெற்றவர். எதிரே நோயாளிகள் காத்திருக்கிறார்கள். எந்த விளக்கு எரிந்தால் எந்தப் பகுதி சரியாக இருக்கிறது என்று அவருக்குப் புரியும் வகையில் கருவியை அமைக்காதது வடிவமைத்தவரின் குறை. ஆகவே மாணவர்கள் உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருவதையும், அவர்கள் கையாளத்தக்க எளிய கருவிகளை உருவாக்குவதையும் வேலையின் ஒரு பகுதியாகவே கொண்டனர். பின்னர் மதுரை, திருநெல்வேலிக் கிளைகளுக்கும் இம்முறை விரிந்தது.

உள்ளகப் பயிற்சிக்கு வரும் மாணவர் பெரும்பாலும் தவறவிடுவது இந்தக் கட்டத்தைத்தான். கோடை முடிந்ததும் அவர் செயல்விளக்கம் காட்டி, சான்றிதழ் வாங்கி, விமானம் ஏறிவிடுகிறார். அவர் செய்த செயலியோ கருவியோ அடுத்த மாதம் நின்றால் அவருக்குத் தெரிவதில்லை. தெரியாததால் கற்பதும் இல்லை. தேனி முயற்சியில் மாணவர்கள் மறுபடி மறுபடி வந்ததாலும், உடைந்தவற்றைப் பற்றிய செய்தி அவர்களை எட்டிக்கொண்டே இருந்ததாலும்தான் இரண்டாவது கட்டுரை பிறந்தது. முதல் கட்டுரையைவிட அதுவே அரிய வகை என்று சொல்லலாம். வெற்றியைப் பற்றிய கட்டுரைகளுக்குக் குறைவில்லை.

பத்து வாரம் போதுமா

கம்பம் பள்ளத்தாக்குக்கு அயல்நாட்டுப் பொறியாளர்களைப் பற்றிப் பழைய அனுபவம் உண்டு. முல்லைப் பெரியாறு அணையின் வேலை 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்தது. அதுவரை அதோடு இருந்த ஜான் பென்னிகுயிக்கின் பெயரில் கூடலூர் அருகே லோயர் கேம்பில் மணிமண்டபம் இருக்கிறது, பொங்கலும் வைக்கிறார்கள். அவர் ஆட்சியாளரின் அதிகாரி, சம்பளத்துக்கு வந்தவர். கோடை மாணவரோடு ஒப்பிடுவது பொருந்தாது. ஆனால் எட்டு ஆண்டுகளுக்கும் எட்டு வாரங்களுக்கும் உள்ள வேறுபாட்டை இப்பகுதி மக்கள் அறிவார்கள்.

குறுகிய காலப் பயிற்சியால் வரவேற்கும் நிறுவனத்துக்கு ஏற்படும் சுமை மருத்துவத் துறையில் வெளிப்படையாகவே பேசப்படுகிறது. உலகச் சுகாதாரப் பயிற்சிக்கான அறநெறிகளை வகுத்த பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2010-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், விருந்தோம்பும் நிறுவனத்தின் செலவையும் நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்கின்றன. பயிற்சி மாணவர் தம் தகுதிக்கு மேற்பட்ட சிகிச்சையில் கை வைக்கக் கூடாது, மொழியும் பண்பாடும் குறித்து முன்கூட்டியே ஆயத்தமாக வேண்டும் என்பவையும் அதில் உள்ளன. மருத்துவர் ஒருவர் மாணவருக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கினால், அது வரிசையில் நிற்கும் நோயாளிகளிடமிருந்து எடுத்த நேரம். மொழிபெயர்க்க ஒரு பணியாளரை உடன் அனுப்பினால் அவருடைய வேலை தேங்குகிறது. வணக்கம், நன்றி என்ற இரண்டு தமிழ்ச் சொற்கள் இந்தக் கணக்கைச் சரிசெய்வதில்லை.

அதற்காகப் பத்து வாரம் வீண் என்று ஆகாது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வேலையில் ஒரு சிறு துண்டை எடுத்துக்கொண்டு, அதை எழுத்தில் ஒப்படைத்துவிட்டுப் போகும் மாணவரால் பயன் உண்டு. தனித் திட்டம் வேண்டும் என்று கேட்பவரால்தான் சிரமம்.

தேனியிலிருந்து வெளியே போகும் மாணவர்

எதிர்த்திசையிலும் வாசல்கள் உள்ளன. அறிவியல், பொறியியல் படிக்கும் இந்திய மாணவர் ஜெர்மனியில் கோடைப் பயிற்சி பெற டாட் அமைப்பின் வைஸ் திட்டமும், கனடாவுக்கு மிட்டாக்ஸ் குளோபலிங்க் திட்டமும் உதவித்தொகை தருகின்றன. அமெரிக்க ஆய்வகங்களுக்கு ஹர் கோவிந்த் கொரானா, எஸ். என். போஸ் ஆகியோரின் பெயர்களில் திட்டங்கள் நடந்துள்ளன. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தின் கோடை மாணவர் திட்டம் 1962 முதல் நடக்கிறது. இந்தியா 2017-இல் அதன் இணை உறுப்பு நாடானது. போடிநாயக்கனூர் அரசு பொறியியல் கல்லூரியிலோ உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியிலோ படிப்பவருக்கு இத்திட்டங்களில் பல சட்டப்படி மூடப்பட்டவை அல்ல. நடைமுறையில் தடையாக நிற்பது காலமும் தொடர்பும். அடுத்த கோடைக்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் செப்டம்பர் முதல் நவம்பருக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். வைஸ் திட்டத்துக்கு ஜெர்மன் பேராசிரியர் ஒருவரின் அழைப்புக் கடிதத்தை மாணவரே முன்னதாகப் பெற வேண்டும். முன்பின் தெரியாத பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும் பழக்கம் பெரிய நகரத்துக் கல்லூரிகளில் மூத்த மாணவர்களிடமிருந்து தானாக வந்து சேர்கிறது. சிறிய ஊர்களில் சொல்லிக்கொடுக்க ஆள் குறைவு. இந்த இடைவெளியில்தான் "வெளிநாட்டு இன்டர்ன்ஷிப் வாங்கித் தருகிறோம்" என்று பணம் கேட்கும் தரகர்கள் நுழைகிறார்கள். மேலே சொன்ன திட்டங்கள் மாணவருக்குப் பணம் தருபவை என்பதைத் தெரிந்து வைத்திருப்பது பாதுகாப்பு.

அப்படிப் போகும் மாணவருக்கு அங்கே புதிதாக இருப்பது பெரும்பாலும் கருவிகள் அல்ல. வாராந்தரக் கூட்டத்தில் "இந்த வாரம் சோதனை தோற்றது, காரணம் புரியவில்லை" என்று எல்லார் முன்னும் சொல்வது. பேராசிரியரிடம் மறுத்துப் பேசுவது. அன்றன்று செய்ததை அடுத்தவர் படித்துத் தொடரும்படி ஆய்வேட்டில் எழுதுவது. "சார் சொன்னார், செய்தேன்" என்று பழகியவருக்கு முதல் மாதம் திணறல்தான்.

அவர் கையில் கொண்டுபோவதும் ஒன்று உண்டு. கரண்ட் போனால் என்ன ஆகும் என்ற கேள்வி அவருக்கு இயல்பாக வரும். இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர், ஒட்டுப்போட்ட வயர், ஒரே மோட்டாரைப் பத்து வருடம் ஓட்டும் வைண்டிங் கடைக்காரர் எல்லாம் அவர் பார்த்து வளர்ந்தவை. இது அறிவு என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. விண்ணப்பக் கடிதத்தில் அவர் அதைக் குறிப்பிடுவதும் இல்லை. பெர்க்லி மாணவர்களின் 2008 கட்டுரையில் பல பக்கங்கள் அதைப் பற்றியே இருக்கின்றன.

தேனியில் ஐந்து மையங்களுக்கு வைஃபை இணைப்புத் தந்து தொடங்கிய முறையில் அரவிந்த் மருத்துவமனை இன்று நூற்றுக்கும் மேற்பட்ட பரிசோதனை மையங்களை நடத்துகிறது. இணைய வசதி பரவிவிட்டதால் ஒவ்வோர் ஊருக்கும் தனி டவர் நாட்டும் தேவை குறைந்துவிட்டது. மாணவர்களில் லட்சுமிநாராயணன் சுப்பிரமணியன் பின்னர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.